வெள்ளையடித்த சுவரும் அன்னம்மாள் படமும்

கற்பிட்டிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர் முதலில் கடற்படையின் காவலறையில் அடையாள அட்டையைக் கொடுத்துப் பெயர் பதியவேண்டும். கூட வரும் கடற்படை வீரரின் பின்னால் செங்கல் வளைவைக் கடந்து உள்ளே போனால் வெயில் முகத்தில் அடிக்கும். சுவரை நெருங்கிப் பாருங்கள். சாந்து உதிர்ந்த இடங்களில் முருகைக்கல் தெரியும். சில கல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். சிலதில் வரி வரியாக மடிப்பு ஓடும். கடலில் எடுத்த கல்லையே அடுக்கி, அதே கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, அதன்மேல் பூசியிருக்கிறார்கள். நடுவில் கூரை போன ஒரு தேவாலயம். சுவர், சன்னல் இருந்த இடம், மேலே வானம், அவ்வளவுதான். ஏதாவது படம் மாட்டிய ஆணித்தடம் இருக்கிறதா என்று நான் ஒருமுறை சுவரைத் தடவித் தேடியிருக்கிறேன். முந்நூறு வருடம் கழித்து ஆணித்தடம் தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும்தான்.

இந்தக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். அந்த ஒன்பது வருடத்துக்குள் அவர்களுடைய நாட்டில் இரண்டு சாவு விழுந்தது. 1669இல் ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் போனார். 1675இல் டெல்ஃப்ட் நகரில் வெர்மீர், மனைவி பிள்ளைகளைக் கடனில் விட்டுவிட்டுப் போனார். ஒல்லாந்து ஓவியத்தின் பொற்காலம் என்று உலகம் கொண்டாடும் காலமும், புத்தளம் களப்பின் வாயில் பீரங்கியோடு முருகைக்கல் ஏறிய காலமும் ஒரே காலம். இரண்டையும் செய்தது ஒரே சமூகம்.

அந்த ஓவியத்துக்கும் அதை வரைந்தவர்களின் சமயத்துக்கும் என்ன உறவு என்பது மேற்கில் இருநூறு வருடமாக நடக்கும் வழக்கு. ஹேகல் தம் அழகியல் விரிவுரைகளிலேயே அதைத் தொட்டார். பாலைக் குடத்திலிருந்து ஊற்றும் வேலைக்காரி, பாதி தோல் உரித்த எலுமிச்சம்பழம், பனி உறைந்த ஆற்றில் சறுக்கும் கூட்டம் என்று சாதாரண வாழ்க்கையை இவ்வளவு ஆசையோடு வரைந்தவர்கள் கடவுளைக் கைவிட்டவர்களா, கடவுளை வேறிடத்தில் கண்டவர்களா? கற்பிட்டிக் கரையில் நின்று பார்த்தால் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்குமுன் அவர்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

1563ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை தானே வந்து சேரும். அந்த வருடம் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ஒரு ஞானோபதேச நூல் வெளிவந்தது. பின்னால் ஒல்லாந்துச் சீர்திருத்தச் சபையின் பிள்ளைகள் எல்லாம் மனப்பாடம் செய்த நூல். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படமே புத்தகம் என்று கத்தோலிக்கர் ஆயிரம் வருடமாகச் சொல்லிவந்த நியாயத்தை அது மறுத்தது: கடவுள் தம் மக்களுக்கு ஊமைப் படங்களால் அல்ல, பிரசங்கத்தாலேயே போதிக்கிறார் என்பது அதன் நிலை. அதே வருடம் டிசம்பரில் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கச் சங்கம் நேர் எதிராகத் தீர்மானித்தது. சுரூபங்களும் படங்களும் கோயில்களில் இருக்கட்டும், ஒழுங்காக இருக்கட்டும் என்றது. மூன்று வருடத்தில் வார்த்தை கோடரியாயிற்று. 1566 ஆகஸ்டில் பிளாந்தர்ஸின் ஸ்டீன்வோர்ட் என்ற சிற்றூரில் ஆரம்பித்த சுரூப உடைப்பு பத்து நாளில் அந்தவேர்ப் பேராலயத்துக்குள் புகுந்தது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் டிர்க் வான் டேலன் 1630இல் வரைந்த ஒரு படம் இருக்கிறது. உயரமான கோயிலுக்குள் ஒரு கூட்டம் சுரூபத்தின் கழுத்தில் கயிறு கட்டி இழுக்கிறது. வலை இழுக்கிற மாதிரி, பின்னால் சாய்ந்து, காலை ஊன்றி. கரைவலை பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த உடம்புகளின் சாய்வு உடனே புரியும்.

1585இல் அந்தவேர் ஸ்பானியப் படையிடம் வீழ்ந்தது. புரட்டஸ்தாந்தர் மூட்டை கட்டினார்கள். சில வருடத்தில் நகரின் சனத்தொகை பாதியாயிற்று. வடக்கே ஓடியவர்களில் வணிகர், நெசவாளர், அச்சுக்காரரோடு ஓவியர்களும் இருந்தார்கள். ஹார்லமின் பெருமையான பிரான்ஸ் ஹால்ஸ்கூட அந்தவேரில் பிறந்த அகதிப் பிள்ளை. வடக்கு, தெற்கு என்று ஓவியம் இரண்டாகப் பிரிந்த கதையின் அடியில் கிடப்பது இந்த இடப்பெயர்வு. 1990இல் ஒரு முழு முஸ்லிம் சமூகம் இலங்கையின் வடக்கிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய கரை எங்களுடையது. ஊர் மாறினால் தொழிலும் கையும் எப்படி மாறும் என்பதை நாங்கள் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை.

தெற்கில் மிஞ்சியவர்கள் உடைந்த பீடங்களை மறுபடி நிரப்பினார்கள். அதற்கென்றே பிறந்தவர் மாதிரி வந்தார் ரூபன்ஸ். அந்தவேர்ப் பேராலயத்துக்கு அவர் வரைந்த சிலுவையிறக்கத்தில் இயேசுவின் உடல் வெள்ளைத் துணியில் வழுகி இறங்குகிறது. தாங்குகிற ஒவ்வொரு கையிலும் அந்த உடலின் பாரம் தெரியும். ஒருவர் துணியைப் பல்லால் கடித்துப் பிடித்திருக்கிறார். பார்க்கிறவரை முழங்காலில் விழச்செய்யும் ஓவியம் அது, விழச்செய்யத்தான் வரைந்தார். அதே நகரில் இயேசு சபையினர் கட்டிய புதுக் கோயிலுக்கு விதானப் படம் 39 வரைந்து தர 1620இல் ஒப்பந்தம் எழுதினார். இளம் வான் டைக் கூட நின்று வேலை செய்தார். 1718இல் மின்னல் விழுந்து அத்தனையும் எரிந்தது.

வடக்கில் கோயிலுக்குப் படம் வேண்டாம் என்றாகிவிட்டது. பீடம் இல்லை, பீடத்துக்குப் பணம் கொடுக்கும் ஆயரும் இல்லை. ஓவியர் பட்டினி கிடந்து செத்திருக்கவேண்டும். நடந்தது தலைகீழ். இந்தியாவரை வந்து திரும்பிய ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி 1640இல் ஆம்ஸ்டர்டாம் போனார். இறைச்சிக் கடைக்காரர், ரொட்டிக் கடைக்காரர் கடையிலெல்லாம் படம் தொங்குவதைக் கண்டு வியந்து எழுதினார். கொல்லர் பட்டறையில்கூடப் படம். சந்தையில் விற்றார்கள், குலுக்கல் சீட்டில் விற்றார்கள், கள்ளுக்கடையில் கடனுக்கு ஈடாகக் கொடுத்தார்கள். கோயிலிலிருந்து துரத்தப்பட்ட படம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கேற்ற அளவு, வீட்டுக்கேற்ற விலை, வீட்டுக்கேற்ற பொருள். டெல்ஃப்ட் நகரத்தார் செத்தபின் எழுதிய சொத்துப் பட்டியல்களைப் பொருளியலாளர் மைக்கல் மொந்தியாஸ் உட்கார்ந்து எண்ணி 1982இல் வெளியிட்டார். நூற்றாண்டு போகப்போக வேதாகமக் காட்சிகளின் பங்கு குறைகிறது, நிலக்காட்சிகளின் பங்கு ஏறுகிறது. ஓவியத்தைப் பற்றி எழுதியவர்களில் கணக்குப் பார்த்தவர்களையே நான் அதிகம் நம்புகிறேன்.

இதைவைத்துப் பண்டிதர்கள் பிரிந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விமர்சகர் பிரொமந்தான், ஒல்லாந்து ஓவியம் என்பது அந்த நாடு தன்னைத்தானே வரைந்துகொண்ட உருவப்படம் என்று ரசித்தார். உள்ளர்த்தம் தேடாதே, உள்ளதைப் பார் என்பது அந்தக் கட்சி. 1970களில் எடி டி யோங் வந்து, இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் போதனை இருக்கிறது என்று அக்காலப் படப் பாடநூல்களை எடுத்துக்காட்டினார். மெழுகுதிரி அணைந்தால் ஆயுள், குமிழி ஊதினால் நிலையாமை, தரையில் கிடக்கும் செருப்பு என்றால் கதை வேறு. 1983இல் ஸ்வெத்லானா அல்பர்ஸ் மறுத்தார்: இது போதிக்கும் கலை அல்ல, விவரிக்கும் கலை, வில்லைக் கண்ணாடிக்கும் தேசப்படத்துக்கும் சொந்தக்காரக் கலை. நாலு வருடம் கழித்து சைமன் ஷாமா, செல்வம் பெருகிய கல்வினியச் சமூகத்தின் குற்றவுணர்வை அந்தத் துடைப்பங்களிலும் தட்டுகளிலும் கண்டார். எல்லாரும் கெட்டிக்காரர்கள். எல்லாரிடமும் ஒரு குறை. வீட்டுக்குள் மாட்டிய படத்தையே அவர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். படம் கழற்றப்பட்ட சுவரைப் பார்க்கிறவர் குறைவு.

அந்தச் சுவரைப் பார்த்த ஓவியர் ஒருவர் உண்டு: பீட்டர் சேன்ரடாம். வாழ்நாள் முழுக்க வெள்ளையடித்த கோயில் உட்புறங்களையே வரைந்தார். அளவெடுத்து, கோடு போட்டு, வருடக்கணக்கில் வைத்திருந்து வரைவார். 1649இல் அவர் வரைந்த அசன்டெல்ஃப்ட் ஊர்க் கோயிலில் உயர்ந்த வளைவுகள், சாம்பல் கலந்த வெள்ளை, பிரசங்கம் கேட்கும் சின்னஞ்சிறு மனிதர்கள். முன்புறத் தரையில் ஒரு கல்லறைக் கல். அது அவருடைய அப்பாவின் கல். சுரூபம் இல்லாத கோயிலில் ஒரு மகன் தகப்பனுக்குச் செய்த திவசம் என்றே எனக்குத் தோன்றும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே மனிதர் சில படங்களில், நிஜத்தில் அகற்றப்பட்டுவிட்ட கத்தோலிக்க அலங்காரங்களைத் தம் தூரிகையால் திரும்ப வைத்துவிடுவார். சுவரை வெள்ளையடித்தால் நினைவு போய்விடுமா என்ன.

இனி நம் கரை. ஒல்லாந்தரின் சுண்ணாம்பைத் திட்டும் முன் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இந்தக் கரையில் முதலில் உருவம் உடைத்தவர்கள் அவர்கள் அல்லர். சிலாபத்துக்குப் பக்கத்து முன்னேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தார்கள். ரூபன்ஸின் விதானத்துக்குப் பணம் கொடுத்த அதே இயேசு சபையினர் கற்பிட்டியிலும் கோயில் வைத்திருந்தார்கள். ஒல்லாந்துக் கோட்டை எழும்பியது அந்த இடத்தில்தான். ஆக, ஐரோப்பாவில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற இரண்டு கொள்கைகளும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்று நம் விக்கிரகத்தை உடைத்துத் தன் சுரூபத்தை வைத்தது. மற்றது அந்தச் சுரூபத்தையும் எடுத்துவிட்டு வெள்ளையடித்தது. மீனவக் குடும்பம் ஒன்று நூறு வருடத்தில் பாட்டன், மகன், பேரன் என்று மூன்று விதச் சுவரின் முன் கைகூப்பியிருக்கும்.

பிளாந்தர்ஸின் கலை இந்தப் பக்கம் வந்ததும் இயேசு சபையினரின் பெட்டிகளில்தான். ரூபன்ஸின் பெரிய படங்கள் அல்ல, அச்சுப் படங்கள். அந்தவேரில் வியரிக்ஸ் சகோதரர்கள் செப்புத் தகட்டில் செதுக்கிய சுவிசேஷக் காட்சிகள் கோவா, மக்காவோ என்று துறைமுகம் துறைமுகமாகப் போயின. அதே நகரில் பிளாந்தான் அச்சகம் பதித்த பன்மொழி வேதாகமத்தை 1580இல் அக்பருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். முகலாய ஓவியர்கள் அதிலிருந்த படங்களைப் பார்த்து வரைந்தார்கள். எண்பது வருடம் கழித்து அந்தக் கடன் திரும்பியது: ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் முகலாயச் சிற்றோவியங்களை முன்னால் வைத்துக்கொண்டு பிரதி வரைந்தார்.

1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போயின. அதே வருடம், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுத்தால் மரணதண்டனை என்று கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் கலியாணமும் அவர்களுடைய பாடசாலைக் கோயிலில் பதிந்தால்தான் பிள்ளைக்கு முதுசம். சனங்கள் பதிந்தார்கள். பகலில் சீர்திருத்தச் சபைக்காரர், இரவில் பழைய வேதக்காரர். இப்போது ஆம்ஸ்டர்டாமைப் பாருங்கள். 1660களின் தொடக்கத்தில் யான் ஹார்ட்மன் என்ற கத்தோலிக்க வணிகர் தம் வீட்டின் மேல்மாடிகளை உடைத்து ஒரு முழுக் கோயில் கட்டினார். பலிபீடம், படம் எல்லாம் கூரைக்குக் கீழே. தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வீடு. நகராட்சிக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தது. இன்று அது அருங்காட்சியகம். வெர்மீர் டெல்ஃப்டில் குடியிருந்ததும் ‘பாப்பரசர்காரர் மூலை’ என்று பேர்போன தெருவில், இயேசு சபையினரின் மறைவுக் கோயிலுக்குப் பக்கத்தில். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியவர் அவர். விசுவாசத்தின் உருவகம் என்று அவர் வரைந்த படத்தில் பின்சுவரில் சிலுவைக் காட்சி பெரிதாகத் தொங்குகிறது. ஆம்ஸ்டர்டாமில் கண்ணை மூடிக்கொண்ட அதே வணிக சமூகம், சில ஆயிரம் மைல் தள்ளி வந்ததும் தூக்குக் கயிற்றைக் காட்டியது. அங்கே கத்தோலிக்கர் வரி கட்டும் அண்டை வீட்டார். இங்கே அவர்கள் போர்த்துக்கேயரின் வால் என்று சந்தேகம். சகிப்புத்தன்மைக்கு வரலாற்றில் எப்போதும் ஒரு விலைப்பட்டியல் இருந்திருக்கிறது.

புத்தளம் களப்பு அப்போது சமய எல்லை என்று சொன்னால் மிகையில்லை. மேற்கே கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டை. கிழக்கே புத்தளம் கண்டி அரசனின் துறை. உப்பும் கருவாடும் மலைக்குப் போக, பாக்கு கீழே இறங்கும் வழி. அந்த வழியின் கழுத்தைப் பிடிக்கத்தான் கோட்டை. கோவாவிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் வந்த யோசேப்பு வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்தில் கம்பனியின் கண்ணில் மண்ணைத் தூவி, 1690இல் புத்தளம் வந்தார். ஒல்லாந்துச் சட்டம் களப்பின் அந்தக் கரையில் செல்லாது. பௌத்த அரசனின் நிலத்தில் பூசை வைத்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது உளவாளி என்று அரசன் பிடித்து அடைத்தான். பிறகு ஆள் யாரென்று தெரிந்து விட்டுவிட்டான். 2015இல் காலிமுகத் திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் வைத்த பூசைகளில் எதுவும் பெரிய பீடத்தின் முன் நடந்ததல்ல. ஒரு பெட்டி, ஒரு பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுதிரி, விடிவதற்குள் முடிந்துவிடும். ஆம்ஸ்டர்டாம் மேல்மாடியைவிட இது எளியது. ஆபத்தில் அதைவிடப் பெரியது.

இந்தக் கரைக்கு ஒல்லாந்து ஓவியர் எவருமே வரவில்லையா? இலங்கைக்கு வந்தார்கள். எசாயாஸ் பூர்ஸ என்பவர் ஆம்ஸ்டர்டாம்காரர். அடுப்பங்கரையில் குனிந்து நிற்கும் பெண், கலைந்த கட்டில் என்று அமைதியான வீட்டுக் காட்சி வரைந்தவர். அவர் படங்களைப் பிற்காலத்தில் வெர்மீர் பெயரில் விற்றிருக்கிறார்கள் என்றால் கையைப் புரிந்துகொள்ளலாம். காசில்லாமல் கம்பனிக் கப்பலில் ஏறினார். 1662இல் இலங்கையில் இருந்தபோது நிரப்பிய வரைபுத்தகம் இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. உட்கார்ந்திருப்பவர், நடப்பவர், சுமப்பவர் என்று சாதாரண மனிதர்கள். ஆளுநரும் இல்லை, வெற்றியும் இல்லை. ஒல்லாந்து ஓவியத்தின் நல்ல குணம் எது என்று யாராவது கேட்டால் நான் அந்த வரைபுத்தகத்தையே காட்டுவேன். அவர் 1672இல் இரண்டாம் பயணத்தில் கடலிலேயே இறந்தார். இவருக்கு நூறு வருடம் கழித்து யான் பிராண்டஸ் என்ற லூத்தரன் பாதிரியார் கொழும்பில் தங்கி வண்ணப்படம் வரைந்தார். கண்டித் தூதுவரை ஆளுநர் வரவேற்ற 1785ஆம் ஆண்டுக் காட்சி அவர் கைவேலை. மற்றபடி வந்தவை தேசப்படங்கள், கோட்டைப் படங்கள், நில அளவைப் படங்கள். ஆர். கே. டி சில்வாவும் பியூமரும் 1988இல் வெளியிட்ட பெரிய தொகுப்பைப் புரட்டினால் இது தெரியும். விவரிக்கும் கலை என்று அல்பர்ஸ் சொன்னது இங்கே வந்ததும் அளக்கும் கலையாகிவிட்டது.

இதில் எனக்குச் சிரிப்பு வரவழைப்பது பல்தேயுஸ் பாதிரியாரின் கதை. யாழ்ப்பாணத்தில் சபை நடத்தியவர், சிலை வணக்கத்தைக் கண்டித்துப் பிரசங்கித்தவர். ஊர் திரும்பி 1672இல் வெளியிட்ட பெரிய நூலில் விட்டுணுவின் பத்து அவதாரங்களையும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டிருக்கிறார். அந்தப் பகுதிக்கு மூலம் பிலிப்ஸ் ஏங்கல் என்பவரின் கையெழுத்துப் பிரதி. லைடன் நகர ஓவியரான ஏங்கல், ஓவியக் கலையின் புகழைப் பாடி 1642இல் சிறு நூல் எழுதியவர்; பிறகு கம்பனி உத்தியோகத்தில் கிழக்கே வந்தார். உருவத்தை வெறுத்தவர் உருவத்தை விரும்பியவரிடமிருந்து சொல்லாமல் எடுத்து அச்சடித்தார். கோயில் சுவரில் கூடாதது புத்தகத்தில் கூடும்.

முத்தும் யானையும் இல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. யானை நிச்சயம். ஹான்ஸ்கன் என்ற இலங்கைப் பெண் யானைக்குட்டியை 1633இல் ஒல்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1637இல் ரெம்பிராண்ட் கரிய சுண்ணத்தால் அதை வரைந்தார். தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தொட்டுப் பார்க்கத் தோன்றும். முத்து அவ்வளவு நிச்சயமில்லை. மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பு கம்பனி கையில் இருந்தது. வெர்மீரின் பெண் காதில் முத்து தொங்குகிறது. உடனே ‘எங்கள் முத்து’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் அவ்வளவு பெரிய முத்து அந்த ஓவியர் கைக்கு எட்டியிராது. அது கண்ணாடியாகவோ தகரமாகவோ இருக்கலாம் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடக்கிக்கொள்வது நல்லது.

சுண்ணாம்புச் சுவர் என்றதும் புத்தளத்தில் பள்ளிவாசலைச் சொல்லாமல் விடமுடியாது. இந்தக் கரையில் உருவமில்லாச் சுவர் ஒல்லாந்தருக்கு எத்தனையோ காலம் முந்தியது. ஸ்பெயினோடு சண்டையிட்ட காலத்தில் ஒல்லாந்தப் புரட்சிக்காரர்கள், பாப்பரசருக்குத் துருக்கனே மேல் என்ற கருத்தில் பிறை வடிவப் பதக்கம் அணிந்தார்கள். ஊரில் பிறை அணிந்தவர்களின் பேரன்மார் இங்கே வந்ததும் சோனகர் வியாபாரத்துக்குக் கட்டுக்கட்டாகத் தடை போட்டார்கள். சுவர் ஒரே நிறம் என்றால் மனம் ஒரே நிறமா?

ஒல்லாந்தரின் சபை இங்கே விட்டுப்போன கலை ஒன்று உண்டென்றால் அது சாவின் கலை. காலிக் கோயிலின் சுவரில் இறந்தவர்களின் குலச் சின்னம் தீட்டிய மரப் பலகைகள் தொங்குகின்றன. கடவுளுக்குப் படம் கூடாது, உத்தியோகத்தருக்குக் கூடும். கற்பிட்டியில், பிற்பாடு பிரித்தானியர் திருத்திய பழைய ஒல்லாந்துக் கோயிலில், கல்லறைக் கற்கள் கிடக்கின்றன. எழுத்து தேய்ந்த கல்லின் முன் குனிந்து நிற்கும்போது சேன்ரடாமின் அப்பாவின் கல் ஞாபகம் வரும். இங்கே வரைய மகன் இருக்கவில்லை.

படத்தை எடுத்துவிட்ட இடத்தில் அவர்கள் எழுத்தை வைத்தார்கள். கொழும்பு அச்சகம் 1759இல் பிலிப்பு டி மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் பதித்தது. எதிர்ப்பக்கமும் எழுத்தையே ஆயுதமாக்கியது. வாஸ் அடிகளைத் தொடர்ந்து 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழும் சிங்களமும் கற்று எழுதிக் குவித்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசுகால இரவில் இராகத்தோடு வாசிக்கப்படும்போது கண்ணை மூடிக் கேட்டால், ரூபன்ஸின் சிலுவையிறக்கத்தில் கண்ட அதே பாரம் காதில் இறங்கும். சுவரில் வரைய முடியாத காலத்தில் அந்தப் பாதிரியார் குரலில் வரைந்திருக்கிறார். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1859இல் ஆங்கிலத்தில் ‘தமிழ் புளூட்டாக்’ வெளியிட்டார். தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கை வரலாறு அது. தமிழ் ஓவியர்களுக்கு அப்படி ஒன்று எழுத யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளைப் பிரித்தானியர் 1806இல் நீக்கினார்கள். நூற்றைம்பது வருடம் பெட்டிக்குள்ளும் காட்டுக்குள்ளும் இருந்த சுரூபங்கள் வெளியே வந்தன. இப்போது கற்பிட்டி வீதியில் போகிறவர் தலவிலப் பக்கம் திரும்பினால் கடலோரத்தில் அன்னம்மாள் கோயில். கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகன் ஆலமரத்தடியில் சுரூபத்தை வைத்து நேர்ந்துகொண்டான், பின்னர் வந்து கோயில் கட்டினான் என்று ஊரில் கதை சொல்வார்கள். மரியாளின் தாய் அன்னம்மாளின் பெயர் வேதாகமத்தில் எங்கும் கிடையாது. யாக்கோபின் பெயரால் வழங்கும் பழைய நூலொன்றிலிருந்து வந்த பெயர். வேதத்தில் இல்லாதது வேண்டாம் என்ற கல்வினியக் கணக்கில் அவளுக்கு இடமே இல்லை. இன்று இந்த மாவட்டத்தில் பெரிய சனம் கூடுவது அவளுடைய ஆகஸ்ட் திருநாளுக்குத்தான். தமிழரும் சிங்களவரும் வருவார்கள். திருநீறு பூசியவர்களும் வருவார்கள்.

திருநாள் நேரம் கோயிலைச் சுற்றி மணலில் கடை போடுவார்கள். பேரீச்சம்பழம், மஸ்கட், பிளாஸ்டிக் துப்பாக்கி, ஒரு பக்கம் சட்டம் போட்ட படங்கள். அன்னம்மாள் உட்கார்ந்திருக்கிறாள், மடியருகே சிறுமி மரியாள், நடுவில் விரித்த புத்தகம். சிறுமியின் விரல் ஒரு வரியில் நிற்கிறது. தாய் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் இந்தக் காட்சியை ரூபன்ஸ் 1630 அளவில் அந்தவேரில் வரைந்தார். அவர் காலத்துக் கத்தோலிக்க ஓவியர்கள் ஊரெங்கும் பரப்பினார்கள். அங்கிருந்து அச்சு, அச்சுக்கு அச்சு, எந்தெந்தக் கையால் மாறி இந்த மணலுக்கு வந்ததோ. நிறம் அடித்துப் போய், தங்கக் கரை கோணலாகி, அன்னம்மாள் முகம் கொஞ்சம் இந்தி நடிகை சாயலில். நான் ஒன்றைக் கையில் எடுத்து அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரப் பெண் சேலைத் தலைப்பால் கண்ணாடியில் படிந்த மணலைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்:

“வீட்டுக்கா ஐயா, வள்ளத்துக்கா? வள்ளத்துக்கெண்டா சின்னது இருக்கு, தண்ணி படாத மாதிரி பிளாஸ்டிக் போட்டது.”